குசினியும் கொந்தராத்தும்

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்னும் பழமொழியை நம்மவர் அனுபவ ஞானத்தின் சாரமெனப் போற்றுவர். வேலை பிந்துவதும், போட்ட தளம் வெடிப்பதும், பொறுப்பேற்றவர் ஒளிந்து திரிவதும் மழையும் காற்றும் போல இயற்கையின் நியதி, அவற்றைப் பொறுத்துக்கொள்வதே விவேகம் என்பது அதன் உட்பொருள். யாருடைய பணம் யாருடைய கைக்குப் போயிற்று, யாருடைய நாட்களை யார் திருடினர் என்ற கேள்விகளை அது எழவிடுவதில்லை. சுரண்டலுக்கு ஊழ் என்று பெயர் சூட்டுவது நமது சமூகத்தின் பழைய வித்தை. அந்த வித்தைக்குப் பழமொழிகளும் துணைபோவதுண்டு.

இக்கட்டுரை குசினியைப் பற்றியது. முற்போக்கு ஏடொன்றிலே குசினிக்கு என்ன வேலை என்று புருவத்தை உயர்த்தும் தோழர்கள் இருப்பர் என்பதை அறிவேன். காணிப் பிரச்சினையும் சம்பளப் பிரச்சினையும் இனப் பிரச்சினையும் எரிந்துகொண்டிருக்கையில் புகைக்கூட்டையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் மனத்தாங்கல் என்று அவர்கள் கூறக்கூடும். 1919ஆம் ஆண்டு, உள்நாட்டு யுத்தத்தின் நடுவிலே, லெனின் எழுதிய ‘மாபெரும் தொடக்கம்’ என்ற சிறு நூலில், அடுப்படி உழைப்புப் பெண்ணை எவ்வாறு நசுக்கித் தேய்க்கின்றது என்பதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. யுத்தத்தின் நடுவே அவருக்குக் கிடைத்த அவகாசம் நமக்குக் கிடைக்காதா?

நமது வாவிக்கரையிலேயே தொடங்குவோம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை மட்டக்களப்புக் கரையை அழித்தபோது நான் பாடசாலை மாணவி. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிட்டாய்க் கிடந்த நாவலடி ஏறக்குறைய முற்றாகத் துடைக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது. பின்னர் அவ்விதி தளர்த்தப்பட்டது வேறு கதை. (ஒரே கடலுக்கு இரண்டு அளவுகோல்கள் ஏன் என்று அன்று கேட்டவர்களுக்கு இன்றுவரை நேரான பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை.) நாவலடியில் எஞ்சியோர் பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டனர். வெளிநாட்டுப் பணத்தோடு வந்த நிறுவனங்கள் வரைபடங்களை விரித்தன. ஒரு வீட்டுக்கு 500 சதுர அடி என்பது அடிப்படை அளவாயிற்று. படுக்கையறை எத்தனை, வாசல் எந்தத் திசை, சுவருக்கு என்ன நிறம் என்பனவெல்லாம் பேசப்பட்டன. திறப்பு விழாவுக்கு நாடாவும் கத்தரிக்கோலும் தயாராயின. அடுப்பு எங்கே எரியும் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எவருடைய தாளிலும் இல்லை.

இது என் கற்பனையன்று. 2001ஆம் ஆண்டுக் குஜராத் பூகம்பத்தின் பின்னரும், ஆழிப்பேரலையின் பின்னர் இலங்கையிலும், சமையலறையே இல்லாத வீடுகள் கட்டப்பட்டதை மறுசீரமைப்புப் பற்றி எழுதியோர் பதிவு செய்துள்ளனர். கோடிக்கணக்கான பணமும் பொறியியலாளரும் கணக்காளரும் மேற்பார்வையாளரும் சூழ்ந்து நிற்க, மனிதர் தினமும் மூன்று வேளை உண்பர் என்ற உண்மை எப்படி மறக்கப்படும்? சமைத்துப் பழகாதவர்கள் வரைந்தார்கள்; சமைக்காதவர்கள் ஒப்பமிட்டார்கள். சமைப்பவளிடம் எவரும் கேட்கவில்லை.

மட்டக்களப்பில் இது நடந்தது கொடிய முரண் எனலாம். இங்கு வீடு பெண்ணுக்குரியது. முக்குவச் சட்டம் நீதிமன்றத்தில் வழக்கொழிந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று; ஆயினும் தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பதும், மருமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதும் இன்றும் வழக்கில் உள்ளன. சீதனம் என்ற விலங்கோடு பிணைந்த வழக்கமாதலால் இதனை நான் பொற்காலமாகப் பாட வரவில்லை. ஆனால் கூரைக்குக் கீழே ஒரு சொல் சொல்லும் உரிமையை அது பெண்ணுக்கு வைத்திருந்தது. நிவாரணம் வந்தபோதோ ‘குடும்பத் தலைவர்’ என்ற ஒரு கட்டத்தைத் தாங்கிய படிவம் வந்தது. அக்கட்டத்தில் கணவனின் பெயர் எழுதப்பட்டது. தாய்வழியாக மனைவிக்கு வந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, அதற்கு ஈடாக எழுந்த வீடு கணவனின் பெயரில் எழுதப்பட்டது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் அன்றே இதற்கெதிராகக் குரல் எழுப்பின; கூட்டு உரிமை கோரின. அரச காணியின் வாரிசுரிமையில் ஆணுக்கு முதலிடம் தந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட 2022 வரை நாடு காத்திருந்தது. பத்திரத்தில் பெயரில்லாதவளுக்கு வரைபடத்தில் எப்படி இடம் கிடைக்கும்?

மீள்குடியேற்றக் கிராமங்களுக்குப் பின்னாளில் போய்ப் பார்த்தவர்கள், முன்பக்கம் வண்ணம் பூசிய நன்கொடை வீடுகளையும், அவற்றின் பின்சுவரிலே தகரத்தாலும் கிடுகாலும் இறக்கிய பத்திகளையும் கண்டிருப்பர். அந்தப் பத்திதான் குசினி. முன்பக்கம் கொடையாளியின் பெயர்ப்பலகை; பின்பக்கம் பெண்ணின் கடன். அவள் சீட்டுக் கட்டினாள். நுண்கடன் கம்பனியின் வாராந்தத் தவணைக்குக் கையொப்பமிட்டாள். அதுவும் போதாதென்று வளைகுடாவுக்குப் போய், அந்நியர் குசினியிலே இரண்டு வருடம் பாத்திரம் தேய்த்த காசில் தன் குசினிக்குக் கல் வாங்கினாள். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அக்கடன்களுள் எத்தனை, வீடு கட்டியவர்கள் கட்டாமல் விட்ட குசினிக்காகப் பட்டவை என்று எந்தப் புள்ளிவிபரமும் சொல்லாது.

கடன் கிடைத்தபின் வருபவர் கொந்தராத்துக்காரர். இவ்விடத்தில் என் சொந்த அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். என் தாயார் எனக்குத் தந்த வீட்டின் பழைய குசினியை இடித்துத் திருத்த 2023 மார்ச்சில் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். பெயர் வேண்டாம், அவர் ஒரு தனிமனிதர் அல்லர், ஒரு வகை. ஆறு கிழமையில் முடிப்பேன் என்றார். பாதிப் பணத்தை முன்பணமாகப் பெற்றார். இரண்டு நாளில் பழைய சுவரை இடித்தார். இடிப்பதில் அவருக்கிருந்த வேகத்தை மறக்க முடியாது. இடித்த குசினிக்காரி வேறிடம் போக முடியாதவள் என்பது அவருக்குத் தெரியும். அதன்பின் “நாளைக்கு ஆள் வரும் ரீச்சர்” என்ற வாக்கியத்தைப் பதினொரு மாதம் கேட்டோம். மாரிகாலம் முழுவதும் தாழ்வாரத்தில் படங்கு கட்டி அதன்கீழ் சமையல். சீமெந்து விலை ஏறிவிட்டது என்றார். உண்மைதான், 2021இல் 1,000 ரூபா அளவில் விற்ற 50 கிலோ மூடை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. ஆனால் எங்கள் வேலை தொடங்கியதோ விலை இறங்கத் தொடங்கிய பின்னர். நெருக்கடி போனபின்னும் நெருக்கடியின் பெயரால் காசு கேட்பது வணிகரின் குணம்.

வேலை முடிந்தபோது நிலத்தில் ஊற்றிய நீர் வாசலை நோக்கி ஓடாமல் வீட்டுக்குள்ளே ஓடிவந்தது. சமையல் மேடை 36 அங்குலம். அதன்மேல் அடுப்பு, அதன்மேல் பானை. ஐந்தடி உயரமுள்ள என் தாயார் பானைக்குள் எட்டிப் பார்க்க முக்காலியில் ஏற வேண்டியதாயிற்று. யன்னற் கதவு அடுப்பின் மேலேயே திறந்தது. முதல் மழைக்குச் சுவரின் பூச்சு வெள்ளை பூத்து உதிர்ந்தது.

இனித்தான் நமது வர்க்கம் வழக்கமாகச் செய்யும் தவறான தீர்ப்பு வருகின்றது. “இந்த மேசன்மாரை நம்ப முடியாது, எல்லாம் சோம்பேறிகள், குடிகாரர்” என்று ஆசிரிய அறைகளிலே உதிரும் சொற்களை நாம் கேட்டிருக்கிறோம். படித்தவர்கள் தம்மை ஏய்த்த முதலாளியை விட்டுவிட்டுக் கைக்கெட்டிய தொழிலாளியை வைவது எவ்வளவு சுலபம்! எங்கள் வீட்டில் வேலை செய்த மேசன் நாட்கூலி. அவரைக் கொந்தராத்துக்காரர் ஒரே காலத்தில் மூன்று வீடுகளில் வைத்திருந்தார். எந்த வீட்டுக்காரர் அதிகமாகச் சத்தமிட்டாரோ அங்கே அன்றைய காலை அனுப்பப்பட்டார். மண் ஏன் இப்படி என்று கேட்டபோது அவர் சொன்னார்: “கழுவ நேரம் தரல்ல ரீச்சர். இண்டைக்குள்ள பூசி முடிக்கச் சொல்லிட்டார். எனக்குத் தெரியும் இது நிக்காது.” தான் செய்யும் வேலை நில்லாது என்று தெரிந்துகொண்டே அதனைச் செய்ய ஒரு கைவினைஞனை நிர்ப்பந்திப்பதைவிடப் பெரிய அவமதிப்பு அவனுக்கு உண்டா? நல்ல மேசன்மார் பலர் கட்டாருக்கும் சவூதிக்கும் போய்விட்டனர் என்கிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

வாவிக்கரை மணலில் உப்புண்டு. நல்ல நீரில் கழுவாமல் குழைத்தால் பூச்சு பூத்து உதிரும். கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பி துருவேறிப் பருத்துச் சாந்தைப் பிளக்கும். போட்ட தளத்தை ஒரு கிழமையாவது ஈரமாக வைத்திருக்க வேண்டும். இல்லையெனில் அது பார்வைக்குக் கல், உள்ளே மண். இவையெல்லாம் மேசனுக்குத் தெரிந்தவை. கழுவுவதற்கு நீரும் ஆளும் வேண்டும், ஈரம் காப்பதற்கு நாள் வேண்டும். நீரும் ஆளும் நாளும் கொந்தராத்துக்காரரின் கணக்கில் செலவு. செலவைக் குறைத்தால் இலாபம் கூடும். ஆழிப்பேரலை வீடுகளில் இதே கணக்கு மாடிமாடியாய் ஏறிப் போயிற்று. கொடையாளியிடமிருந்து நிறுவனம், நிறுவனத்திடமிருந்து பெரிய கொந்தராத்துக்காரர், அவரிடமிருந்து சிறியவர், சிறியவரிடமிருந்து ஒரு பாஸ், பாஸிடமிருந்து நாட்கூலி. ஒவ்வொரு படியிலும் ஒருவர் தமக்குரியதை எடுத்துக்கொண்டபின் கடைசியில் மண்ணோடு சேர எவ்வளவு சீமெந்து மிஞ்சும்? 2006இல் யுத்தம் மீண்டு வாகரை மக்கள் இடம்பெயர்ந்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் சீமெந்தும் கம்பியும் தடுக்கப்பட்டதை நான் மறைக்கவில்லை. அன்றைய தாமதங்களுள் சில நியாயமானவை. ஆயினும் யுத்தம் சுவரைத் தாமதப்படுத்தலாம். நிலத்தின் சாய்வைப் பிழையாக வைக்கச் சொல்லாது.

தமிழ் கற்பிக்கும் நாமும் இதில் குற்றமற்றவர்களல்லர். குறுந்தொகையின் 167ஆம் பாடலைப் பாடம் சொல்லாத தமிழாசிரியர் யார்? தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியில் துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை கண்ணில் நிறைய நின்று புதுமணப்பெண் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிதென உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாய் மலர்கின்றது. எத்தனை அழகிய காட்சி என்று நாம் உருகுவோம். கூடலூர்கிழார் புகையை மறைக்கவில்லை. கண்ணுக்குள் போவதைக் கண்டெழுதினார். உரையாசிரியர்களும் நாமுமே புகையைக் கற்பின் வாசனையாக மாற்றினோம். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “அந்த வீட்டில் புகைக்கூடு இல்லையா?” என்று கேட்டால் சிரித்து அடக்காதீர்கள். அது இலக்கியத்துக்குப் புறம்பான கேள்வியன்று. உலகச் சுகாதார தாபனத்தின் கணிப்பின்படி வீட்டுக்குள் எழும் சமையற் புகை 2020இல் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கொண்டது.

எரிவாயு வந்துவிட்டதே, விறகுப் புகை பழங்கதை என்பர் சிலர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கை வீடுகளுள் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. 2022இல் எரிவாயுவுக்காக மக்கள் வெற்றுச் சிலிண்டர்களோடு நாட்கணக்காய் வரிசையில் நின்றபோது, ‘நவீன’ குசினிகளின் சொந்தக்காரர்கள் மாடி முற்றங்களிலே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினர். புகைக்கூடற்ற குசினி நவீனமானதன்று, அரைகுறையானது. இங்கு காற்றின் குணத்தையும் அறியவேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணிவரை மேற்கிலிருந்து அனலாக வீசும் கச்சான், மேற்குச் சுவரில் வைத்த திறப்பு வழியே புகையைத் திருப்பிக் குசினிக்குள்ளேயே அடைக்கும். எங்கள் ஊர்க் கிழவிகள் எவருக்கும் இது தெரியும். கொழும்பில் இருந்து வரைபவருக்குத் தெரிய நியாயமில்லை, கேட்டால் தெரிந்திருக்கும்.

கேளாமையின் உச்சத்தை 2016இல் கண்டோம். யுத்தம் பாதித்த வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தருவதாக ஆர்செலர்மிட்டல் என்ற பன்னாட்டு உருக்குக் கம்பனியோடு அரசு பேசியது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதன் பாதி அளவு செலவில் கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளரும் பொருளியலாளரும் எடுத்துக் காட்டினர். வெப்பம், துரு, காற்றோட்டமின்மை ஆகிய குறைகளைச் சுட்டினர். உள்ளூர் மேசனுக்கும் கல்லறுப்பவனுக்கும் ஓடாவிக்கும் போகவேண்டிய கூலி கப்பலேறிவிடும் என்றனர். எதிர்ப்பினால் அத்திட்டம் நிறைவேறாமல் ஒடுங்கியது. வெயிலில் காயும் உருக்குச் சுவருக்குள்ளே விறகடுப்பை எங்கே வைப்பது என்று திட்டம் தீட்டியவர்களுள் ஒருவராவது தம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் அவ்வளவு காகிதம் வீணாகியிராது.

குசினியை முறையாகச் சிந்தித்தவர்கள் உலகில் இல்லாமலில்லை. 1926இல் மார்கரெட்டே ஷுட்டெ லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்பேர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு குசினியை வகுத்தார். 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். அடுப்புக்கும் தொட்டிக்கும் அலுமாரிக்கும் இடையே பெண் எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் வீணாகிறது என்று அளந்து பார்த்து வரைந்தது அது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைக்கப்பட்டது. பின்னாளில் நாசிகளை எதிர்த்ததற்காக அவர் சிறை சென்றார் என்பதும் நினைவில் இருக்கட்டும். அக்குசினியை அப்படியே பெயர்த்து இங்கு வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஒருத்தி தனியே நிற்கும் குசினி. நமது வாவிக்கரையிலோ மூன்று பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து மீன் துப்புரவாக்குவர், அருகே ஒருத்தி தேங்காய் துருவுவாள், குழந்தை தூங்கும். அவர்களுக்கு மேடை வேண்டாம், நீர் வழியும் நிலம் வேண்டும். அளவு அவர்களிடமிருந்து வரவேண்டும் என்பதே பிராங்பேர்ட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

பயனாளியே தன் வீட்டைக் கட்டும் முறையும் இங்கு நடந்ததுண்டு. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா தவணைமுறையில் கொடுக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் பல குடும்பங்கள் அவ்வாறு கட்டின. இடைத்தரகர் படிகள் சில அதில் ஒழிந்தன; அதனை வரவேற்கிறேன். ஆயினும் பணம் போதாமல் கடன்பட்டோர் பலர். யுத்தத்தில் கணவனை இழந்தவள் கூலிக்கும் போய், மேசனையும் மேற்பார்வை செய்து, தவணை தவறாமல் அத்திவாரத்தையும் காட்டுவது எங்ஙனம்? உரிமையைக் கையில் கொடுத்து, அதனைச் செலுத்தும் நேரத்தைக் கொடுக்காமல் விடுவது பாதி நீதி.

ஆகவே என்ன செய்யலாம்? அரசாங்கத்துக்குப் பெரிய பாலம் கட்டுபவர் ஒரு நாள் பிந்தினால் நட்டஈடு கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றது. வேலைப் பணத்தில் ஒரு பங்கு, வழக்கமாக நூற்றுக்கு ஐந்து, குறைகளைத் திருத்தும் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கப்படுகின்றது. பொறியியலாளர் ஒப்பமிடாமல் தவணை இல்லை. பாலத்துக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்புகள் குசினிக்கு ஏன் கிடைக்கலாகாது? வீடமைப்புத் திட்டங்களிலே, குசினித் தவணையும் கடைசித் தவணையும் சமைப்பவளின் கையொப்பமின்றி விடுவிக்கப்படலாகாது என்ற ஒரு விதியை மாவட்டச் செயலகங்களும் கொடை நிறுவனங்களும் சேர்த்துக்கொள்ள எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. அவளுக்கு வரைபடம் வாசிக்கத் தெரியாது என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடும். தெரியவேண்டியதில்லை. ஒரு வாளி நீரை நிலத்தில் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகின்றது என்று பார்ப்பாள். அடுப்பை மூட்டி யன்னலைத் திறப்பாள். பட்டதாரிப் பொறியியலாளரின் அறிக்கை சொல்லாதது அவ்விரண்டில் தெரிந்துவிடும்.

திட்டங்களுக்கு வெளியே, கடன்பட்டுத் தன் பத்தியைத் திருத்தும் பெண்ணுக்கு யாரும் இல்லை. இங்கேதான் இவ்வேட்டை வாசிக்கும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்கிறேன். நமது ஊர்களில் இவ்வேலைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடக்கின்றன. தாள் இருந்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். பாடசாலைக்கு ஒருவராவது சேர்ந்து ஒரு பக்கத் தமிழ் ஒப்பந்தப் படிவம் ஒன்றை எழுதிப் பிரதி எடுத்து, கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் மாதர் சங்கத்திலும் வைக்கலாம். மணல் கழுவப்படவேண்டும், தளம் ஒரு கிழமை நனைக்கப்படவேண்டும், முன்பணம் நாலிலொன்றுக்கு மேற்படலாகாது, பழைய குசினியை இடிக்குமுன் கல்லும் சீமெந்தும் முற்றத்தில் வந்து இறங்கியிருக்கவேண்டும், மேசனின் நாட்கூலி அன்றன்றே கொடுக்கப்படவேண்டும், பத்தில் ஒரு பங்குப் பணம் ஒரு மாரி கழியும்வரை நிறுத்திவைக்கப்படும் என்பன அதில் இருக்கட்டும். படிவத்தின் அடியிலே கொந்தராத்துக்காரருக்கு ஒரு கோடு, மேசனுக்கு ஒரு கோடு, குசினிக்காரிக்கு ஒரு கோடு.